கேமராவுக்குச் சற்று மேலே

நான்கு நரிக்குட்டிகளும் கேமராவைப் பார்க்கவில்லை. கேமராவுக்குச் சற்று மேலே பார்த்தன.

அதை முதலில் கவனித்தவர் காலண்டர் அடிக்கும் அச்சகக்காரர். மதியம் போன் செய்தார்.

"படமெல்லாம் பிரமாதம்மா. ஆனா ஒண்ணுகூட என் மூஞ்சியைப் பாக்க மாட்டேங்குது. கோவிச்சுக்கிட்ட வீட்டுக்காரி மாதிரி எங்கேயோ பாக்குதுங்க. நேரா பாக்குறது ஒண்ணு இருந்தா சாயந்திரத்துக்குள்ள அனுப்பிடும்மா."

"சரிங்க" என்றாள் தங்கை. போனில் அவள் பேசும் மொத்த வசனமும் அதுதான்.

அக்கா படம் எடுப்பாள், அவள் திருத்துவாள். அக்காவுக்கு வெயில், புழுதி, மணிக்கணக்கான காத்திருப்பு. அவளுக்கு வீட்டின் பின்னறை, நிறம் பிசகாமல் தெரிவதற்காகப் பகலிலும் இழுத்து மூடிய கறுப்புத் திரை, ஓயாமல் இரையும் கணினி, சூடான வயரின் லேசான வாடை. 'வாயில்லாப்பூச்சி' என்று அக்கா கூப்பிடுவாள். உண்மை என்பதால் கோபம் வராது.

கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்றில் மூன்று வாரமாக வேலை. அதன் அடியில் ஒரு நரி வளை. தாய் இரை தேடப் போனதும் குட்டிகள் வெளியே வரும். ஒரே ஓர் ஆள் குந்தக்கூடிய பச்சைத் துணிக் கூடாரத்துக்குள் அக்கா உட்கார்ந்து, லென்ஸை மட்டும் வெளியே நீட்டுவாள். உள்ளே போகும்போதே போனை அணைத்துவிடுவாள். வெளிச்சம் மங்கும்வரை அது அணைந்தே இருக்கும். சின்னச் சத்தம் கேட்டாலும் குட்டிகள் மறைந்துவிடும். இன்றும் போயிருந்தாள்.

அவள் நேராகப் பார்க்கும் படத்தைத் தேடத் தொடங்கினாள். திருத்திய படங்களில் இல்லை. திருத்தாத மூலப்படங்களைத் திறந்தாள். நாள்வாரியாக, ஒவ்வொன்றாக நகர்த்தினாள். திரையின் வெளிச்சத்தில் அவள் விரல்கள் நீலமாகத் தெரிந்தன. நூறு படம், இருநூறு படம். எதிலும் குட்டிகள் விளையாடவில்லை. ஒன்றையொன்று கடிக்கவில்லை, உருளவில்லை. வரிசையாக உட்கார்ந்து, தலையை ஒரே பக்கம் சாய்த்து, மேலே பார்த்தன. "என்னமா போஸ் குடுக்குதுங்க பாரு" என்று அக்கா பெருமைப்பட்டது நினைவுக்கு வந்தது. நரிக்குட்டி எதற்கு அசையாமல் உட்கார வேண்டும் என்று இருவருமே யோசிக்கவில்லை.

எங்கே பார்க்கின்றன?

ஒரு குட்டியின் கண்ணைப் பெரிதாக்கினாள். ஈரமான விழி ஒரு குவியாடி. எதிரே இருப்பதெல்லாம் அதில் சிறுத்து விழும். வளைந்த வானம், குவாரியின் விளிம்பு, கடுகளவு கூடாரம் தெரிந்தன. கூடவே, நெட்டுக்குத்தாக ஒரு கறுப்புக் கோடு.

அந்தக் கோட்டை அவளுக்குத் தெரியும்.

முதல் நாளே அக்கா சொல்லியிருந்தாள்: "கண்ணு அழுக்கா இருக்குடி. எல்லாத்தையும் துடைச்சுட்டு ஒரு வெள்ளைப் புள்ளி வை. உயிர் வந்துடும்." ஏதோ மரத்தின் நிழல் என்று நினைத்து அவள் துடைத்தாள். ஒவ்வொரு கண்ணாக, மூன்று வாரம். தூரிகையை ஒரு முறை வைத்து எடுத்தால் போதும். பழகிய கை, கண் பார்க்கும் முன்பே வேலையை முடித்துவிடும்.

குவாரியில் மரம் கிடையாது.

முதல் நாள் படத்துக்குப் போனாள். கோடு குவாரியின் விளிம்பில் நின்றது. ஐந்தாம் நாள், சரிவின் பாதியில். பத்தாம் நாள், கீழே, தரையில். போன வாரம், கூடாரத்துக்கு இரண்டடி தள்ளி. அதற்குக் கால்கள் இருந்தன. கூடாரத்தைப் போல் இரண்டு மடங்கு உயரம்.

நேற்று எடுத்த படம்.

கூடாரத்தின் பின்னால் நின்றது. குனிந்திருந்தது. துணியின் மேல் எதையோ விரித்து வைத்திருந்தது. கையாக இருக்கலாம்.

நேற்றுச் சாப்பிடும்போது அக்கா சொன்னாள்: "காத்தே இல்லடி. ஆனா கூடாரத்துணி முதுகுல ஒட்டிக்கிட்டே இருந்துச்சு. வேர்வைதான் போல."

அவள் அக்காவுக்குப் போன் போட்டாள். அணைந்திருந்தது. மறுபடியும் போட்டாள். மறுபடியும். 'வந்துடு அக்கா' என்று செய்தி அனுப்பினாள். போய்ச் சேரவில்லை. நான்தான் துடைத்தேன். மூன்று வாரம் முன்பே ஒரு கண்ணை, ஒரே ஒரு கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்திருந்தால். குவாரிக்கு நாற்பது நிமிடம். செருப்பைத் தேடினாள். ஒன்றுதான் கிடைத்தது.

இருட்டிவிட்ட வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது.

சாவி போடும் ஓசை. கூடத்தில் அக்காவின் காலடி. அவள் ஒற்றைச் செருப்பைக் கீழே போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அக்கா பின்னறை வாசலில் வந்து நின்றாள், கழுத்தில் கேமரா தொங்க. புழுதியும், நனைந்த கல்லின் வாடையும் கூடவே வந்தன.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க? இப்பத்தான் போனை ஆன் பண்ணுனேன், இத்தனை தடவை அடிச்சிருக்க. வாயில்லாப்பூச்சிக்கு வாய் வந்துடுச்சா?"

"குட்டிங்க..." என்றாள்.

"அதை ஏன் கேக்குற. இன்னைக்கு ஒண்ணுகூட நிக்கல. என்னைப் பாத்ததுமே வளைக்குள்ள ஓடிடுச்சுங்க. மூணு வாரமா இல்லாத பயம்."

அக்கா வந்துவிட்டாள். முழுதாக வந்துவிட்டாள். அதுபோதும். திரையில் விரிந்து கிடக்கும் கண்ணை அக்காவுக்குக் காட்ட வேண்டும். இனி அங்கே போக விடக்கூடாது.

அக்கா கையைப் பின்னால் வளைத்து, முதுகில் ஒட்டிய சட்டையைப் பிய்த்து விட்டுக்கொண்டாள். அது மறுபடியும் ஒட்டிக்கொண்டது.

"கார்டு காலியா கிடக்கு. உன்னையாவது ஒண்ணு எடுக்கிறேன். இங்க பாரு."

கேமரா உயர்ந்தது. அவள் லென்ஸைத்தான் பார்க்க நினைத்தாள். பார்வை அதில் நிற்கவில்லை. அக்காவின் நெற்றிக்கு ஏறியது. உச்சந்தலைக்கு. அதற்கும் மேலே, விளக்குப் போடாத கூடத்தின் இருட்டுக்கு.

குட்டிகள் ஏன் விளையாடவில்லை என்று அப்போது புரிந்தது.

"கேமராவைப் பாருடி" என்று அக்கா சிரித்தாள். "சரி விடு. இதுவும் அழகாத்தான் இருக்கு. அப்படியே அசையாம இரு."

அவள் அசையவில்லை. தலை தானாக ஒரு பக்கம் சாய்ந்தது.

கதவு நிலையின் மேல்கட்டையில் இடிக்காமல் உள்ளே வர, அது குனிந்தது.