நாற்பத்தொண்ணாவது விநாடி

பழைய கடிகாரம் ஒண்ணைக் கொடுக்கறேன்னு கூப்பிட்டிருந்த அந்தம்மா வீட்டு மாடிப்படியை மத்தியானம் ரெண்டு மணிக்கு ஏறினேன். தங்க முலாம் பூசின பழைய க்ரோனோகிராஃப், அதாவது ஸ்டாப்வாட்ச்சும் சேர்ந்த கைக்கடிகாரம்னா எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். இருபத்திரண்டு சேர்த்து வச்சிருக்கேன், இப்படி ஒண்ணைப் பார்த்ததே இல்லை. ஓரத்துலகூட முலாம் தேயலை.

கடிகாரம் ஓடலை. ஸ்டாப்வாட்ச் முள் நாற்பத்தொண்ணாவது விநாடியில நின்னிருந்தது.

"எங்க வீட்டுக்காரர் நீச்சல் சொல்லிக்கொடுத்தவரு. எங்க பொண்ணு தண்ணிக்குள்ள மூச்சடக்கிக் காட்டறேன்னா. இவரு இதை அமுக்கி நேரம் பார்த்தாரு. நாற்பத்தொண்ணுல அவ கை துவண்டுச்சு. நிறுத்திட்டுக் குதிச்சாரு, பிரயோஜனமில்ல." அந்தம்மா கடிகாரத்தை என் கையில வச்சாங்க. "இப்ப அவரும் போயிட்டாரு. என்கிட்ட இருந்தா, என்னிக்காவது கீழ்ப் பொத்தானை அமுக்கி முள்ளைத் திருப்பிடுவேனோன்னு பயமா இருக்கு. நீங்க தொடமாட்டீங்கள்ல தம்பி?"

"சத்தியமா தொடமாட்டேம்மா."

வாய் கூசாமச் சொன்னேன்.

கடிகாரம் சேர்க்கற எங்க ஆளுங்களுக்கு ஒரு வியாதி. கடிகாரம் கைக்கு வந்ததும் கீழ்ப் பொத்தானை அமுக்கி, முள் பூச்சியத்துல நேரா உக்காருதான்னு பார்த்தாகணும். மயிரிழை தள்ளி நின்னாலும் மனசு ஆறாது. வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் என் பொண்டாட்டி, "இன்னொண்ணா? உங்களுக்கு இருக்கறது ரெண்டே கைதானே?"ன்னு சிரிச்சா. நானும் சிரிச்சுக்கிட்டே அமுக்கிட்டேன்.

முள் பூச்சியத்துல கச்சிதமா உக்காந்துச்சு.

உடனே ஓட ஆரம்பிச்சுது.

நான் சாவியே கொடுக்கலை.

அறை முழுக்கக் குளோரின் வாடை. கடிகாரத்தைக் காதுல வச்சேன். டிக் டிக் இல்ல. தண்ணிக்குள்ளேர்ந்து யாரோ மூச்சு விடற சத்தம், குமிழ் குமிழா.

நாற்பத்தொண்ணுல அடங்கிச்சு. முள் தானாப் பூச்சியத்துக்குத் திரும்புச்சு.

மறுபடியும் முதல்லேர்ந்து.

அந்தம்மாவுக்குப் போன் போட்டேன். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள, "அமுக்கிட்டீங்களா தம்பி?"ன்னாங்க.

"மன்னிச்சிடுங்கம்மா..."

"இங்க எனக்குக் கேக்குது. ஒரு தடவை செத்தவளை இன்னும் எத்தனை தடவை சாகடிப்பீங்க?"

மெதுவாக் கேட்டுட்டுப் போனை வச்சுட்டாங்க. திட்டியிருந்தாத் தேவலை.

முள்ளை நிறுத்தற மேல் பொத்தானை அமுக்கிப் பார்த்தேன். பின்மூடியைக் கழட்டி உள்ள இருந்த சக்கரத்தையெல்லாம் எடுத்துட்டேன். முள் ஓடிக்கிட்டேதான் இருக்கு. பாவி நான், என் அரிப்புக்கு ஒரு பிள்ளையைத் திரும்பத் தண்ணியில தள்ளிட்டேன்.

இன்னிக்குக் காலையில முப்பத்தெட்டுலயே மூச்சு அடங்கி முள் திரும்பிடுச்சு.

இப்ப முப்பத்தஞ்சு.

புள்ள களைச்சுப் போயிட்டா.