விலக்கில்லாத விதி

காலை பத்து மணிக்குத் தலைமன்னார் இறங்குதுறைக்கு வரும் கப்பலைச் சனங்கள் அறுவடைக் கப்பல் என்றுதான் சொல்வார்கள். அதில் வருகிற நீலப் பெட்டிகளால் வந்த பெயர் அது. ஒவ்வொரு பெட்டியும் ஒரு வளர்கலம். உள்ளே இளஞ்சூடான ஊட்டநீரில் ஒரு சிறுநீரகமோ, ஒரு கண்ணோ, ஒரு கல்லீரலோ மிதந்துகொண்டிருக்கும். நோயாளியின் தோலிலிருந்து கடுகளவு எடுத்து அக்கரைக்கு அனுப்பினால், பதினொரு மாதத்தில் அவருடைய சொந்த உறுப்பே புதிதாக வளர்ந்து திரும்பி வரும். அனுப்புவதை விதைப்பு என்றார்கள். வந்து சேர்வதை அறுவடை என்றார்கள்.

தென்கடல் கூட்டமைப்பு வேலைகளை நாடுகளுக்கிடையே பிரித்துக் கொடுத்திருந்தது. தீவு இறால் வளர்த்தது. அக்கரை உறுப்பு வளர்த்தது. இருபத்திரண்டு ஆண்டுகளாக இரண்டும் ஒன்றையொன்று கடந்து போய்வந்தன. யாரும் மறித்ததில்லை.

பிறகு இறால் நோய் வந்தது. கூட்டமைப்பின் இன்னொரு மூலையிலிருந்து வந்த குஞ்சுகளோடு அது வந்தது. புத்தளத்திலிருந்து மன்னார்வரை இருந்த குளங்கள் ஒரே பருவத்தில் செத்தன. இறங்குதுறையில் நோய் நுழையாமல் பார்க்கும் உயிர்க்காப்பு அதிகாரியான எட்மன்ட் லெம்பேட், தன் அண்ணனின் பதினொரு குளங்களும் எட்டு நாளில் வெளுத்து மிதந்ததைக் கரையில் நின்று பார்த்தவர். கப்பலை மறிக்கும் அதிகாரம் தனக்கு இருந்திருந்தால் அது நடந்திராது என்று அவர் நம்பினார். கூட்டமைப்பிலிருந்து விலகுவதா என்று வாக்கெடுப்பு வந்தபோது விலகச் சொல்லி வாக்களித்தார். தீவும் அப்படியே வாக்களித்தது.

புதிய எல்லை விதிகளை எழுதும் குழுவுக்கு அவரையும் கொழும்புக்குக் கூப்பிட்டார்கள். பதினான்காம் விதி பெரும்பாலும் அவர் எழுதியது. வெளியே வளர்ந்த உயிருள்ள எதுவும், நோய் இல்லையென்று தெரிய, எழுபத்திரண்டு மணித்தியாலம் காப்பறையில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் திருப்பி அனுப்பப்படவேண்டும், அல்லது அழிக்கப்படவேண்டும். வளர்ந்த இடமே அதன் பிறந்த இடமாகக் கொள்ளப்படும். விலக்கு எதுவும் இல்லை.

குழுவில் இருந்த ஒரு வைத்தியர் கேட்டார். "வளர்கலம் முப்பது மணித்தியாலம்தான் தாங்கும். உறுப்புகளுக்கு என்ன செய்யப் போறீங்கள்?"

"அதுக்குச் சுகாதார அமைச்சு தனி ஒப்பந்தம் போடும்" என்றார் எட்மன்ட். "நாங்கள் இதில ஒரு விலக்கு வச்சா நாளைக்கு நூறு பேர் வருவினம். இறால் குஞ்சையும் மருந்து எண்டு சொல்லிக் கொண்டு வருவினம்."

அப்போது அவருடைய மகள் டிலக்சிக்குப் பதினெட்டு வயது. அவளுடைய கல்லீரல் கெட்டுக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியும். விலகல் நாளுக்கு இரண்டு கிழமை முன்பு அவளுடைய தோல் விதைப்புக்குப் போனது. பதினொரு மாதத்துக்குள் ஒப்பந்தம் வராமலா போகும் என்று அவர் நினைத்தார். விதியை எழுதியவர்கள் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

ஒப்பந்தம் வரவில்லை. ஐந்தாவது சுற்றுப் பேச்சு மீன்பிடி எல்லைத் தகராறில் முறிந்தது. அடுத்த சுற்று தை மாதம் என்றார்கள். இதற்கிடையில் ஐஸ் ஆலைகளுக்கு உதிரிப்பாகம் வரவில்லை. பேசாலையில் மீன் கரையிலேயே நாறியது. மருந்துக் கடைகளின் தட்டுகளில் வெற்று மட்டைப் பெட்டிகளை அடுக்கி வைத்தார்கள். அறுவடைக் கப்பல் கிழமையில் இரண்டு நாளாகச் சுருங்கியது. இறால் குளங்களில் மட்டும் நோய் இல்லை. ஆனால் இறாலை வாங்க ஆளும் இல்லை.

விலகி மூன்றாம் கிழமை அந்தோனி குலாஸ் வந்தார். பேசாலையில் வள்ளம் வைத்திருந்த மீனவர் அவர். மனைவி ரீற்றாவின் சிறுநீரகம் அன்றைய கப்பலில் வந்திருந்தது. எட்மன்ட் அவரை உட்கார வைத்து, தேத்தண்ணி கொடுத்து, விதியைச் சொன்னார்.

குலாஸ் தேத்தண்ணியைத் தொடவில்லை. "சேர், அவ பேசாலையில பிறந்தவ. அவவின்ர தோல்ல இருந்துதானே எடுத்தது."

"விளங்குது. ஆனா வளர்ந்தது அங்க."

"என்ட பிள்ளை வெளியூருக்குப் போய் வளர்ந்தா என்ட பிள்ளை இல்லையோ?"

எட்மன்ட் பெட்டியைக் காப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். முப்பது மணித்தியாலமும் அவர் வீட்டுக்குப் போகாமல் காப்பறைக்கு வெளியே இருந்தார். வளர்கலத்தின் விளக்கு பச்சையிலிருந்து மஞ்சளுக்கும் மஞ்சளிலிருந்து சிவப்புக்கும் மாறுவதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தார். பிறகு உள்ளே போய், அழிக்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். ரீற்றா அதன்பிறகு நான்கு மாதம்தான் உயிரோடு இருந்தாள். இரத்தம் சுத்திகரிக்கும் திரவமும் அக்கரையிலிருந்துதான் வரவேண்டியிருந்தது.

கார்த்திகை மாதம் டிலக்சியின் கண்கள் மஞ்சளாகின. மன்னார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அக்கரைக்குக் கொண்டுபோக விசா கேட்டு எழுதியதற்கு, வரிசையில் அவளுடைய எண் நாலாயிரத்து நூற்றுப் பதினாறு என்று பதில் வந்தது. அந்த எண் நகர்வதற்குள் அவள் கப்பலேற முடியாத நிலைக்கு வந்துவிட்டாள். அவளுடைய கல்லீரல் வளர்ந்து முடிந்துவிட்டது என்றும், செவ்வாய்க்கிழமைக் கப்பலில் அனுப்புவதாகவும் அக்கரை வளர்கூடத்திலிருந்து செய்தி வந்தது.

"உங்கட விதிதானே" என்றாள் மனைவி நிரோசினி. ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். "ஒரு வரி சேர்த்திருக்கலாம். ஒரேயொரு வரி."

"என்ட பிள்ளைக்காக ஒரு வரி எழுதினா அது விதி இல்லை, நிரோ."

"சரி. அப்ப உங்கட விதியைக் கொண்டு போய் அவளின்ர கட்டிலுக்குப் பக்கத்தில வையுங்கோ."

செவ்வாய் காலை வைத்தியர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். இரண்டு நாள், கூடினால் மூன்று நாள் என்றார். எட்மன்ட் சீருடையைப் போட்டுக்கொண்டு இறங்குதுறைக்குப் போனார். அங்கே போகும்வரை தான் என்ன செய்யப் போகிறோம் என்று அவருக்குத் தெரியாது. பின்னால் விசாரணையிலும் அப்படித்தான் சொன்னார். அது உண்மையும்கூட.

அன்று கடமையில் இருந்தவள் றிஸ்னா. அவருக்குக் கீழே ஒன்பது வருடம் வேலை செய்தவள். நீலப் பெட்டி காப்பறைக்குள் போகாமல் அவளுடைய மேசைக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தது.

"உள்ள வைக்கேல்லயா?" என்றார் எட்மன்ட்.

"நீங்க வருவீங்க எண்டு வச்சிருக்கன் சேர்."

"பதிஞ்சிட்டுதா?"

"எல்லை வாயில் தானாப் பதியும் சேர். வளர்குறியை வாசிச்சு, எந்தக் கூடம், எந்த நாள் எண்டு எல்லாம் எடுத்திடும். ஆக்கள் கை வைக்க ஏலாத மாதிரி வேணும் எண்டு நீங்கதானே கேட்டீங்க."

ஒவ்வொரு உறுப்பின் உயிரணுவிலும் வளர்கூடம் தன் அடையாளத்தைப் பொறித்து வைக்கும். அதுதான் வளர்குறி. ஆள் சாகும்வரை அது அழியாது.

எட்மன்ட் பெட்டியைத் தூக்கினார். "நீங்கள் பார்க்கேல்ல. சாப்பிடப் போயிருந்தனீங்கள்."

"இல்ல சேர், நான் பார்த்தன். ஆராவது கேட்டா பார்த்தன் எண்டுதான் சொல்லுவன்." அவள் எழுந்து கதவைத் திறந்து பிடித்தாள். "மறிக்கமாட்டன். அவ்வளவுதான்."

வெளியே மர வாங்கில் குலாஸ் உட்கார்ந்திருந்தார். ரீற்றாவை அடக்கம் செய்த நாளிலிருந்து கிழமைக்கு ஒருதரம் அவர் அங்கே வருவார். அழித்த சிறுநீரகத்தை எங்கே போட்டீர்கள் என்று கேட்பார். அதை அவளுடைய கல்லறைக்குள் வைக்கவேண்டும் என்பார். எரித்துவிட்டோம் என்று சொன்னாலும் அடுத்த கிழமை திரும்ப வருவார்.

அவர் பெட்டியைப் பார்த்தார். "உது ஆற்ற?"

எட்மன்டால் பொய் சொல்ல முடியவில்லை. "மகளின்ர."

குலாஸ் எழுந்து நின்றார். அவருடைய கை பெட்டியை நோக்கி நீண்டு, பாதியில் நின்றது. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"எவ்வளவு நேரம் மிச்சம் இருக்கு?" என்றார் குலாஸ்.

"இருபத்தாறு மணித்தியாலம்."

"அப்ப ஏன் நிக்கிறீங்கள்? போங்கோ."

அன்று மாலைக்குள் சத்திரசிகிச்சை முடிந்தது. ஆறாம் நாள் டிலக்சியின் கண்களில் மஞ்சள் வெளுத்தது. பத்தாம் நாள் அவள் சோறு கேட்டாள். நிரோசினி பிசைந்து ஊட்டும்போது அழுதாள். எட்மன்ட் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

பதினாறாம் நாள் குலாஸ் உயிர்க்காப்புத் திணைக்களத்துக்கு முறைப்பாடு எழுதிக் கொடுத்தார். கொடுத்த கையோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, கட்டிலின் கால்மாட்டில் நின்று, தானே அதைச் சொன்னார்.

"பிள்ளை பிழைக்கட்டும் எண்டுதான் அண்டைக்கு வாய் திறக்கேல்ல" என்றார் எட்மன்டிடம். "உங்களை மறியல்ல அடைக்க எனக்கு ஆசை இல்லை. ஆனா ரீற்றாவும் பிழைச்சிருக்கலாம் எண்டு ஒரு இடத்திலயாவது எழுதி இருக்கோணும். நீங்கள் கொண்டு போகேக்க கதவு திறந்துதானே கிடந்தது, சேர். எனக்கு மட்டும் பூட்டியிருக்கு எண்டு சொன்னீங்கள்."

டிலக்சிக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. குலாஸ் போன பிறகு அவள் கேட்டாள். எட்மன்ட் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். முப்பது மணித்தியாலம் கண்ணாடிக்கு வெளியே இருந்ததையும் சொன்னார்.

"அந்த அன்ரிக்கும் நீங்கள் குடுத்திருக்கலாம், அப்பா."

"ஓம்."

"என்னை மட்டும் ஏன்?"

அவர் அவளைப் பார்த்தார். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

விசாரணை மூன்று மாதம் நடந்தது. எட்மன்டின் வேலை போனது. கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவர் எதிர்பார்த்தது அவ்வளவுதான். ஆனால் விதியின்படி குற்றவாளிக்குத் தண்டனை கொடுத்தால் வழக்கு முடிவதில்லை. பொருள் என்ன ஆனது என்று தீர்க்கவேண்டும். பொருள் டிலக்சியின் வலது விலா எலும்புக்குக் கீழே இருந்தது. எல்லை வாயில் எதற்குள் அவள் போனாலும் அது வாசித்துச் சொல்லிவிடும்.

நீதிபதி நல்ல மனிதர். மூன்று அமர்வுகளாக ஒரு வழி தேடினார். கடைசியில் எட்மன்டையே கேட்டார்.

"இதை எழுதினது நீங்கள். திருப்பி அனுப்புவது, அழிப்பது. இந்த இரண்டையும் விட மூன்றாவதாக ஒன்று எங்கேயாவது இருக்கிறதா? அடிக்குறிப்பில், இணைப்பில், எங்கேயாவது?"

"இல்லை, கனம் நீதிபதி அவர்களே."

"ஏன் இல்லை?"

"இருந்தால் யாராவது அதைப் பாவிப்பார்கள் என்று எடுத்துவிட்டோம்."

அமைச்சரவை ஒரு விலக்குக் கொடுத்திருக்கலாம். ஆனால் தேர்தல் வந்துகொண்டிருந்தது. அதிகாரியின் மகளுக்கு ஒரு சட்டம், மீனவனின் மனைவிக்கு ஒரு சட்டமா என்று கேட்டுப் பேசாலையில் பெண்கள் வீதியில் இருந்தார்கள். அந்தக் கேள்விக்கு முன்னால் எந்தக் கட்சியும் விலக்குக் கேட்கத் துணியவில்லை. அக்கரை அரசாங்கம் மட்டும் உடனே எழுதியது. தங்கள் மண்ணில் வளர்ந்ததைத் தாங்கள் ஏற்றுக்கொள்வதாகவும், அது சேதமில்லாமல் இயங்குவதற்கு வேண்டிய அனைத்தையும் அதனுடன் ஏற்றுக்கொள்வதாகவும் சொன்னது.

கல்லீரலைத் திருப்பி அனுப்பும்படி நீதிபதி தீர்ப்பு எழுதினார்; அது டிலக்சியோடுதான் போகமுடியும். நிரோசினிக்குக் கூடப் போக முப்பது நாள் விசா கொடுத்தார்கள். டிலக்சிக்குத் திரும்பி வரும் நாள் என்று ஒன்று இல்லை.

பங்குனி மாதத்து வெள்ளிக்கிழமை. கடல் அசையாமல் கிடந்தது. கப்பல் நீலப் பெட்டி எதுவும் இல்லாமல் வந்து, திரும்பிப் போகக் காத்திருந்தது. நிரோசினி சாமான்களோடு முன்னே போய்விட்டாள். டிலக்சி வாயிலுக்கு முன்னால் நின்றாள். றிஸ்னா திருப்பி அனுப்பும் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். எட்மன்ட் இப்போது கண்ணாடிக்கு வெளியே, வழியனுப்ப வந்தவர்கள் நிற்கும் பக்கத்தில் நின்றார்.

"அப்பா" என்றாள் டிலக்சி. மூன்று மாதத்தில் அவள் தானாக அவரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "நான் குலாஸ் அங்கிளிட்டப் போயிட்டு வந்தனான். கல்லறைக்குக் கூட்டிக்கொண்டு போனவர்."

"என்ன சொன்னவர்?"

"ஒண்டும் சொல்லேல்ல. தண்ணி வாங்கித் தந்தவர்." அவள் கண்ணாடியில் கையை வைத்தாள். "நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுங்கோ."

அவர் தலையாட்டினார்.

றிஸ்னா எழுதிக்கொண்டே போனாள். பொருள்: கல்லீரல், ஒன்று. எடை: ஆயிரத்து நூற்று நாற்பது கிராம். வளர்ந்த இடம்: அக்கரை வளர்கூடம். பிறகு அவளுடைய பேனா நின்றது.

"சேர்" என்றாள் மெதுவாக. "இந்தக் கட்டத்தில எனக்கு என்ன எழுதுற எண்டு தெரியேல்ல."

"எது?"

"எதில் பொதியப்பட்டுள்ளது எண்டு கேட்டிருக்கு. பெட்டி, கலம், பிற எண்டுதான் இருக்கு. பிற எண்டா விபரம் எழுதோணும். வெறுமையா விட்டா வாயில் திறக்காது."

அந்தப் படிவத்தையும் அவர்தான் தயாரித்தார். டிலக்சி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கப்பல் ஒருமுறை ஊதியது.

"பிற எண்டு போடுங்கோ" என்றார் எட்மன்ட்.

"விபரம், சேர்? பேரை எழுதட்டா?"

"பேர் வேண்டாம். பொதிக்குப் பேர் கேக்கமாட்டினம்." அவர் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார். "மகள் எண்டு எழுதுங்கோ."

றிஸ்னா எழுதினாள். வாயில் திறந்தது.