துடுப்புப் போட்டது யார்?

பிரிட்டாவுக்குத் தலை சுற்றியது. எல்லாம் இந்தச் சிலை நாளால் வந்த வினை.

வெள்ளிக்கிழமை பள்ளியில் சிலை நாள். நாலாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு வாழ்க்கைக் கதையைப் படித்து, அதில் வருபவரைப் போலவே வேஷம் கட்டி, கூடத்தில் சிலையாக நிற்பார்கள். காலடியில் ஒரு சிவப்புக் காகித வட்டம் ஒட்டியிருக்கும். யாராவது அதை மிதித்தால் சிலைக்கு உயிர் வந்துவிடும், தன் கதையைச் சொல்லும்.

பிரிட்டா எடுத்தது ஹல்டா டோர்விக் தன்னைப் பற்றித் தானே எழுதிய புத்தகம். ஹல்டாவும் பிரிட்டாவின் ஏரிக்கரை ஊர்க்காரர்தான், எண்பது வயதைத் தாண்டியவர். அவருடைய தங்கை சிக்னியும் ஒரு புத்தகம் எழுதியிருந்தார். அதை எடுத்தவள் டெல்லா, பிரிட்டாவின் உயிர்த்தோழி. அக்கா தங்கையாகப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம் என்று இருவருக்கும் ஒரே குஷி.

ஒத்திகையில்தான் வம்பு வந்தது.

"நான் ஹல்டா. எனக்குப் பன்னிரண்டு வயசு" என்று ஆரம்பித்தாள் பிரிட்டா. "நாங்க தீவுல இருந்தோம். அம்மாவுக்குப் பிரசவ வலி வந்துடுச்சு. ஊருக்குப் போய் நர்ஸைக் கூட்டிட்டு வரணும். நான்தான் துடுப்புப் போட்டேன். சிக்னி கஞ்சிப் பானையால படகுத் தண்ணியை இறைச்சுக்கிட்டு, அழுதுக்கிட்டே வந்தா."

"நிறுத்து, நிறுத்து!" என்றாள் டெல்லா. "துடுப்புப் போட்டது சிக்னி. பானையை வச்சுக்கிட்டு அழுதது உன் ஹல்டா. இதோ பாரு, நாப்பத்தொண்ணாம் பக்கம்!"

"அப்போ உன் ஆளு பொய் சொல்றாங்க."

"உன் ஆளுதான் புளுகுறாங்க!"

அன்று மதியம் இருவரும் வேறு வேறு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இரண்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

"மிஸ், இதுல எது உண்மைக் கதை?" என்று கேட்டாள் பிரிட்டா.

"ரெண்டுமே உண்மைக் கதை அலமாரியில இருந்ததுதான்" என்றார் ஆசிரியை பாவ்லிக். "வேணும்னா அவங்ககிட்டயே கேளு. வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் வர்றாங்க."

ஐயோ! ஊரே பார்க்க, இரண்டு பேரில் ஒருவர் பொய்க்காரி ஆகப் போகிறார். அத்தோடு டெல்லாவின் நட்பும் போய்விடும்.

வீட்டில் அப்பாவிடம் சொன்னாள். அவர் அடுப்பில் பான்கேக் சுட்டுக்கொண்டிருந்தார்.

"படகுல எத்தனை ஜோடி துடுப்பு?"

"ஒண்ணுதான்."

"அப்போ ஒருத்தர்தான் போட்டிருக்க முடியும்" என்று சொல்லிவிட்டுப் பான்கேக்கைத் திருப்பிப் போட்டார். இது தெரியாதா பிரிட்டாவுக்கு! இதைச் சொல்ல ஓர் அப்பா வேண்டுமா?

சாப்பிட்டதும் நேரே டெல்லா வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த டெல்லா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"உன் புத்தகத்தைக் குடு. என்னோடதை நீ படி" என்றாள் பிரிட்டா. "பேச வேண்டாம். படிச்சா போதும்."

புத்தகங்கள் கைமாறின. வீட்டுக்கு வந்து, பொய்யைக் கண்டுபிடிக்கத்தான் சிக்னியின் புத்தகத்தைத் திறந்தாள். ஆனால் மூன்றாம் பக்கத்திலேயே சிரித்துவிட்டாள். ஹல்டாவுக்கு வாத்து என்றால் பயமாம்! வாத்தைக் கண்டால் மரத்தில் ஏறிவிடுவாராம். தன் புத்தகத்தில் ஹல்டா இதைப் பற்றி மூச்சே விடவில்லை. அங்கே அவர் பெரிய வீராங்கனை. அதே வீடு, அதே கஞ்சிப் பானை, ஆனால் வேறு ஜன்னல் வழியாகப் பார்க்கிற மாதிரி இருந்தது. படகு வரும் பக்கத்தை மெதுவாகப் படித்தாள். 'வெயில் தண்ணீரில் பட்டுத் தெறிக்க, நான் துடுப்புப் போட்டேன்.'

வெயிலா? ஹல்டாவின் புத்தகத்தில் அவர் துடுப்புப் போட்டபோது இமையெல்லாம் பனி ஒட்டியதே!

பிரிட்டா சட்டென்று எழுந்து ஓடினாள். பாதித் தெருவில் எதிரே டெல்லா ஓடி வந்துகொண்டிருந்தாள்.

"பனி!" என்றாள் டெல்லா.

"வெயில்!" என்றாள் பிரிட்டா. "பாதி வழியில இடம் மாறியிருக்காங்கடி! முதல்ல ஒருத்தர், அப்புறம் இன்னொருத்தர்!"

"அப்போ ஏன் ரெண்டு பேருமே அதை எழுதல?"

அதுதான் பிரிட்டாவுக்கும் புரியவில்லை. கொஞ்சம் யோசித்தாள். "ஒத்திகையில யாரு முதல்ல கத்தினது?"

"நீதான்."

"நானா? நீதான்!"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு நடுத்தெருவில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை இருவருக்கும் சேர்த்து ஓர் அட்டைப் படகு, ஒரே ஒரு சிவப்பு வட்டம். ஹல்டா வந்து கைத்தடியால் வட்டத்தை அழுத்தினார். பக்கத்தில் சிக்னி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பிரிட்டா துடுப்புப் போட்டாள். டெல்லா பஞ்சுப் பனியைத் தூவிக்கொண்டு, பானையால் இறைத்தபடி அழுதாள். பனி தீர்ந்தது. இருவரும் தள்ளாடித் தள்ளாடி இடம் மாறினார்கள். இப்போது டெல்லா துடுப்புப் போட, பிரிட்டா பானையோடு ஓவென்று அழுதாள்.

பிரிட்டா ஓரக்கண்ணால் ஹல்டாவைப் பார்த்தாள். தப்பாகச் செய்துவிட்டோமோ?

"பார்த்தியா சிக்னி, நீ அழுத" என்றார் ஹல்டா.

"நீயும்தான் அழுத, அக்கா."

"நான் எங்க அழுதேன்? வெயில்ல கண்ணு கூசிச்சு."

"எனக்கும் கண்ணுல பனி விழுந்துச்சு, அவ்வளவுதான்."

சொன்ன பிறகுதான் இருவருக்கும் உறைத்தது: வெயிலில் பானை பிடித்தது அக்கா, பனியில் பிடித்தது தங்கை. சிக்னி மெதுவாக அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். ஹல்டா கைத்தடியால் வட்டத்தை மறுபடி அழுத்தினார். "இன்னொரு தடவை போடுங்க பசங்களா."

இரண்டாம் தடவையும் முடிந்ததும், அட்டைப் படகிலிருந்து எட்டிப் பார்த்தாள் பிரிட்டா. "கரையில உங்களைப் பார்த்த நர்ஸம்மா ஏதாவது புத்தகம் எழுதியிருக்காங்களா? அதையும் படிக்கணும்."

அக்காவும் தங்கையும் ஒரே குரலில் சொன்னார்கள்: "நல்லவேளை, எழுதல!"