சாத்திய அறைக்குள் ஒரு கருவி

புகை மணி திடீரென்று வீடு அதிர அலறியது.

ரொறன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுணின் உயரமான கட்டடம் ஒன்றில், அந்த வீட்டுக் குசினியிலிருந்து மீன் பொரித்த புகை கூரையை எட்டியிருந்தது. இராசதுரை கதிரையில் ஏறித் துவாயால் விசிறினார். மற்றவர்கள் யன்னல்களைத் திறக்க ஓடினார்கள்.

அந்தக் குழப்பத்தில்தான் துவாரகா படையல் அறைக்குள் நுழைந்து, திரைச்சீலைக்குப் பின்னால் ஒலிப்பதிவுக் கருவியை வைத்தாள்.

இராசதுரையின் தமக்கை பாலேஸ்வரி இறந்தபின் வைக்கும் படையலான எட்டுச் செலவு அன்று. இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து இலையில் படைத்து, அறையைச் சாத்திவிட்டு எல்லோரும் விலகி இருக்க வேண்டும். அவர் வந்து சாப்பிடும் நேரம் அது.

துவாரகா பிரித்தானியப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வு மாணவி. புலம்பெயர்ந்தோர் வீட்டுச் சடங்குகளின் ஒலிகளைச் சேகரிக்கத்தான் ரொறன்ரோவுக்குத் திரும்பியிருந்தாள். யாரும் பதியாத ஒலி ஒன்று கிடைக்காவிட்டால் ஆய்வை நிறுத்தவேண்டி வரும் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார்.

பாலேஸ்வரியின் மகள் நிசாந்தினி எதையும் மறுக்கவில்லை. சமையல், அழுகை, கதை எல்லாவற்றையும் பதியச் சொன்னாள்.

“அறைக்குள்ள மட்டும் வேண்டாம், தங்கச்சி.”

துவாரகா ஓம் என்று தலையாட்டியிருந்தாள்.

லண்டனில் செத்தவீட்டுக்கும் பட்டம் குடுக்கினமோ என்று இராசதுரை கேட்டபோது எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

கதவைச் சாத்தினார்கள். மீண்டும் திறந்தபோது சோறு வைத்தபடியே இருந்தது. செம்பில் தண்ணீர் குறையவில்லை. நிசாந்தினி இலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

துவாரகா யாரும் காணாமல் கருவியை எடுத்துக்கொண்டாள். செத்தவீட்டில் சொல்லிக்கொண்டு புறப்படுவதில்லை. அது அவளுக்கு வசதியாகப் போயிற்று.

அவள் தங்கியிருந்த விட்பிக்குப் போகும் ரயிலில் பிற்பகல் வெயில். காதுக்குள் பதிவு ஓடியது. மணியின் அலறல். வெளியே எல்லோரின் சிரிப்பு. கதவு சாத்தும் ஓசை.

பிறகு, ஒரு காலை இழுத்து இழுத்து யாரோ நடந்தார்கள்.

இலை மெல்ல நகர்ந்தது.

சட்டென்று எல்லாம் நின்றது.

மூச்சு. கருவிக்கு மிக அருகில்.

“ஆர் பிள்ளை அங்க?”

அந்தக் குரலில் கோபமே இல்லை. உடை மாற்றும்போது யாரோ கதவைத் திறந்துவிட்டதுபோல் ஒரு கூச்சம். துவாரகாவுக்கு முகம் தீயாய் எரிந்தது. பெட்டியிலிருந்த எல்லோரும் தன்னையே பார்ப்பதுபோல் அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பினாள். வந்து சேர இருட்டிவிட்டது.

நிசாந்தினிதான் கதவைத் திறந்தாள். உறவினர் எல்லோரும் போயிருந்தார்கள். உள்ளே ஒரு விளக்கும் எரியவில்லை. துவாரகா செய்ததைச் சொல்லி, பதிவை அழித்துவிடுகிறேன் என்று கருவியை நீட்டினாள். நிசாந்தினி அதை வாங்கவில்லை.

இருண்ட குசினிக்குள் சட்டி மூடி ஒன்று மெதுவாக நகர்ந்தது.

துவாரகா எட்டிப் பார்க்கப் போனாள். நிசாந்தினி அவள் கையை இறுகப் பிடித்து, காதோடு சொன்னாள்.

“பாக்காத, தங்கச்சி. வாதம் வந்து வாய் கோணினதிலயிருந்து, அம்மா ஆரும் பக்கத்தில நிண்டாச் சாப்பிடமாட்டா.”