ஓரச் சட்டத்து உண்ணி

இப்போது உள்ளவர்கள் கண்ணை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. குழம்பில் உப்பு போதுமா என்பதைக்கூட மணிக்கட்டுக் கருவியைத்தான் கேட்கிறார்கள்.

அன்று சிறை இருபத்திரண்டாம் நாள். எங்கள் குமரி வட்டத்தில் ஆயிரத்து நானூறு தேன்பெட்டி. அரசு உத்தரவுப்படி அத்தனை பெட்டியிலும் ராணித்தேனீயை ஒரே நாளில் கூண்டில் அடைத்திருந்தோம். காலையில் எழுந்ததும் ராணி உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் எல்லாருக்கும் முதல் வேலை.

காரணம் உண்ணி. தேனீப்புழுவின் அறையை மெழுகு வைத்து மூடுவதற்குச் சற்று முன் தாய் உண்ணி உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். மூடியதும் முட்டை போடும். முதலில் ஒரு ஆண், பிறகு பெண்கள். அண்ணனும் தங்கைகளும் அந்த இருட்டிலேயே இணையும். தேனீ வெளியே வரும்போது தாயும் மகள்களும் அதைத் தொற்றிக்கொண்டு வரும். ராணி முட்டையிடாவிட்டால் புது அறை கிடையாது. ஒளிய இடமும் கிடையாது. எல்லா உண்ணியும் வெளியே வந்த பிறகு ‘புகைத்தும்பி’ ட்ரோன்கள் வட்டம் முழுக்க மருந்துப் புகை விடும். மருந்து ஒரு தடவைக்குத்தான் இருந்தது. தப்பினால் அடுத்த மழைக்குள் தேனீயே இருக்காது. ஏற்கெனவே முருங்கைப் பூவை ஒவ்வொன்றாகத் தூரிகையால் தடவித்தான் காய்க்க வைத்துக்கொண்டிருந்தோம்.

வட்ட அதிகாரி பெனிட்டா என் தோட்டத்துக்கு ஓடி வந்தாள். அறைக்குள் உண்ணி நடக்கிற சத்தத்தைக் கேட்கும் செவிப்பொறி எல்லாப் பெட்டியிலும் சுழியம் காட்டுகிறதாம். மதியமே புகையாம். பொறியை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன். தேனடை தொங்கும் சட்டங்களில் நடுச் சட்டத்தில் என்றாள்.

நான் நாலாம் வகுப்புத் தாண்டவில்லை. ஆனால் வேலைக்காரத் தேனீ முட்டையிலிருந்து இருபத்தொரு நாளில் வெளியே வந்துவிடும், ஆண் தேனீக்கு இருபத்துநாலு ஆகும், அதன் அறை ஓரத்தில்தான் இருக்கும் என்பது தெரியும். ஓரச் சட்டத்தை உருவி ஒரு அறையைக் கத்தியால் கீறினேன். பிறக்காத ஆண் தேனீ. அதன் வயிற்றில் செங்கருப்பாய்த் தாய் உண்ணி, பக்கத்தில் வெளிறிப்போய் மூன்று மகள்கள்.

“இதுவா சுழியம், மக்ளே?”

அவள் முகம் செத்துப்போனது. “உத்தரவு போட்டு, தும்பியும் கிளம்பியாச்சு பாட்டா. நான் நிறுத்தினா வேலை போயிரும்.”

“போனா தூரிகை பிடிக்க வா. அதுக்கு ஆள் கிடைக்கல்ல.”

அந்த உண்ணிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தும்பிகளைத் தரையிறக்கச் சொன்னாள்.

இருபத்தைந்தாம் நாள் புகை இறங்கியது. பெட்டிக்கடியில் விரித்த வெள்ளைத் தாளில் கடுகு கொட்டினது மாதிரி உண்ணிகள் விழுந்தன. புகை விட்ட இரண்டாம் நாள் பத்து விழுந்தது. எட்டாம் நாள் ஒன்றுகூட இல்லை. ராணிகளைத் திறந்துவிட்டோம். அடுத்த பூவுக்கு முருங்கையடியில் நிற்க முடியாத இரைச்சல். மனிதக் கை படாமல் கொத்துக் கொத்தாகக் காய் தொங்கியது. ஊர் செண்டை மேளம் வைத்தது. பெனிட்டாவின் வேலையும் போகவில்லை, மாலைதான் விழுந்தது.

என்னையும் மேடையில் ஏற்றி, இது உண்ணியே இல்லாத வட்டம் என்று அறிவிக்கச் சொன்னார்கள். மைக்கை வாங்கி, பக்கத்து வட்டத்துத் தேனீக்கு எல்லைக்கல் படிக்கத் தெரியுமா என்று கேட்டேன். கூட்டம் சிரித்தது.

“இன்னைக்கு ஒரு நாளாவது நம்புங்க பாட்டா,” என்றாள் பெனிட்டா.

மைக்கை அவள் கையில் கொடுத்துவிட்டு இறங்கி நடந்தேன். எனக்கும் சந்தோஷம்தான். அதற்காக நம்பிவிட முடியுமா?