பதினோரு வீட்டுப் பூனை

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஜமீனுக்குக் காலையிலேயே வேலை வந்துவிடும். மற்ற நாட்களில் அது வேலை என்று எதையும் செய்து யாரும் பார்த்ததில்லை. சாம்பல் நிறம், பெரிய தலை, நடந்தால் வயிறு தரையைக் கூட்டும். அந்த நடையைப் பார்த்துத்தான் நிரஞ்சனா அதற்கு ஜமீன் என்று பெயர் வைத்தாள்.

அன்றும் காபி இறங்குவதற்குள் அழைப்பு மணி அடித்தது. அடுக்ககச் சங்கத்தின் செக்ரட்டரி இரத்தினசபாபதி வாசலில் நின்றார். கையில் ஒரு துணிப்பை, அதற்குள் பத்துக் கழுத்துப் பட்டைகள். ஒவ்வொரு பட்டையிலும் அரசு முத்திரையோடு ஓர் அடையாள வில்லை தொங்கியது.

"ஜமீனைக் குடுங்க அம்மிணி. கூண்டு தொறந்தாச்சு. வெயில் ஏர்றதுக்குள்ள முடிச்சுக் கொண்டாந்து விட்டர்றேன்."

"இன்னும் பாலே குடிக்கலீங்க சார்."

"அதுக்கென்னங்க, மூணாவது மாடில மத்தி மீன் வறுத்து வெச்சுட்டுக் காத்துட்டிருக்காங்க. மாப்பிள்ளை மாதிரி கவனிச்சு அனுப்பறோம்."

ஆறு வயது இதழி படுக்கையிலிருந்து பூனையைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தாள். பூனையின் பின்னங்கால்கள் அவள் முழங்காலுக்குக் கீழே ஆடின. "தாத்தா, காதைப் பிடிச்சுத் தூக்கக் கூடாது" என்று சொல்லிப் பூனையைக் கொடுத்தாள். அவர் தலையை ஆட்டிவிட்டு லிப்டில் ஏறினார்.

தரைத்தளத்தில், தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது நலக்கூண்டு. இடுப்புயரக் கண்ணாடிப் பெட்டி, மாதம் ஒருமுறை வீட்டுப் பிராணிகளைச் சோதிக்க அரசு வைத்தது. பிராணியை உள்ளே விட்டால் அதன் மூச்சை இழுத்துப் பார்க்கும், உடம்புச் சூட்டை அளக்கும், கழுத்து வில்லையில் யார் வீட்டுப் பிராணி என்று படிக்கும். பிறகு மேலே ஒரு விளக்கு எரியும். பச்சை என்றால் நலம். மஞ்சள் என்றால் தினமும் மறு சோதனை, ஒவ்வொரு சோதனைக்கும் கட்டணம். சிவப்பு என்றால் அவசர ஊர்தி.

ஜமீன் முதலில் தன் சொந்தப் பட்டையோடு உள்ளே போனது. பச்சை. இரத்தினசபாபதி அதை வெளியே எடுத்து, பட்டையை மாற்றி மறுபடி உள்ளே விட்டார். இப்போது அது ஏழாம் மாடியில் அவருடைய சொந்தப் பூனை பட்டு. பச்சை. அடுத்து மூன்றாம் மாடி லட்டு. அதற்கும் பச்சை. அந்த இயந்திரத்தைச் செய்தவர்கள் மகா கெட்டிக்காரர்கள்தான், ஆனால் அவர்கள் யாரும் இந்த மாதிரி அடுக்ககத்தில் குடியிருந்ததில்லை. ஒரு கழுத்துக்கு ஒரு பட்டைதான் என்று நம்பிவிட்டார்கள்.

இதை மோசடி என்று கட்டடத்தில் யாரும் சொல்வதில்லை. "உதவி" என்பார்கள். அது தொடங்கிய விதமும் அப்படித்தான். லட்டுவுக்கு ஒரு சாதாரண சளி. கூண்டுக்குச் சளியும் தெரியாது, இருமலும் தெரியாது, மூச்சு சரியில்லை என்றால் மஞ்சள். தினமும் கட்டிக் கட்டி அந்த வீட்டுக்காரர்களுக்குக் கையைக் கடித்தது. ஒரு மாதம் மட்டும் ஜமீனைக் கேட்டார்கள். நிரஞ்சனாவுக்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அடுத்த மாதம் இன்னொரு வீடு வந்தது. பிறகு வரிசை.

சளிக்கே இந்தப் பாடு. எல்லோரும் உண்மையில் பயந்தது மீசைக்காய்ச்சலுக்கு. இதழி பிறப்பதற்கு முன்பு கோவையில் பாதித் தெருக்களைக் காலி செய்த நோய் அது. பூனைக்கு முதலில் மீசை உதிரும். பிறகு அதைத் தொட்டவருக்குக் காய்ச்சல். இப்போது மருந்து உண்டு, சீக்கிரம் கொடுத்தால் மனிதர் பிழைத்துக்கொள்வார். ஆனால் அந்த மருந்து கடையில் கிடைக்காது. வீட்டுப் பூனைக்குச் சிவப்பு என்று அரசாங்கத்தில் பதிந்தால்தான் மனிதருக்கு ஊசி. பதிந்தால் பூனையின் அவசர சிகிச்சைச் செலவு முழுவதும் வளர்ப்பவர் தலையில் விழும், அதற்குப் பாதி வீட்டை விற்க வேண்டும். மீதிப் பாதியை, கட்டடத்தையே பூட்டி வைப்பதற்கான செலவு கொண்டுபோகும். அந்தச் செலவை எல்லா வீடுகளுக்கும் பங்கு போடுவார்கள். சிவப்பு வாங்கியவனின் முகத்தில் அதன் பிறகு யார் விழிப்பார்கள்?

அதனால் இந்தக் கட்டடத்தில் சிவப்பே எரிந்ததில்லை. வாசலில் 'நற்சான்று பெற்ற வளாகம்' என்று பித்தளைப் பலகை மாட்டியிருக்கிறார்கள். வாராவாரம் அதற்கு எலுமிச்சம்பழம் போட்டுத் துலக்குகிறார்கள்.

மதியம் ஜமீன் திரும்பி வந்தது. அதன் வாயில் மீன் நாற்றம் இல்லை. பாலை முகர்ந்துவிட்டுக் கட்டிலில் ஏறி இதழியின் தலையணையில் படுத்தது. பதினோரு தடவை உள்ளே போய் வெளியே வந்தால் யாருக்கும் அலுப்புத்தான் என்று நிரஞ்சனா நினைத்தாள். சாயங்காலம் விரிப்பை உதறும்போது தலையணை உறையில் ஒரு வெள்ளை முடி கண்ணில் பட்டது. தடித்த, நேரான, நுனி கூர்ந்த முடி. மீசை.

பூனைக்கு எப்போதாவது ஒரு மீசை விழும். அது அவளுக்கும் தெரியும். சும்மா விழுந்தது என்று சொல்லிக்கொண்டு அதைக் குப்பையில் போட்டாள். பிறகு குனிந்து போர்வையைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் இன்னும் நான்கு இருந்தன.

பூனையின் முகத்தைத் திருப்பினாள். இடது பக்கம் மொழுமொழுவென்று இருந்தது. ஜமீன் கண்ணைத் திறக்காமலே மெதுவாக உறுமியது.

"அம்மா, எனக்குக் குளிருதும்மா" என்றாள் இதழி.

நெற்றியில் கை வைத்தாள். சூடு இருந்தது. பயத்தில் தன் கைதான் சில்லிட்டிருக்கிறதோ என்று கன்னத்தை வைத்துப் பார்த்தாள். சூடுதான்.

கணவன் ஓசூரில் வேலையில் இருந்தான், அவனுக்குச் சொன்னால் அவனும் அங்கே உட்கார்ந்து பயப்படலாம், அவ்வளவுதான். கூண்டு மதியத்தோடு மூடியாயிற்று. இனி அவசர எண்தான். கைத்திரையை எடுத்தவள் ஒரு கணம் நின்றாள். பத்து வீட்டுக்காரர்களின் முகங்களும் வரிசையாக வந்தன. முதலில் செக்ரட்டரியிடம் சொல்லிவிடலாம் என்று அவரைக் கூப்பிட்டாள். இந்தக் கட்டடத்தில் வாழ்ந்து பழகிய புத்தி அது.

இரத்தினசபாபதி படியேறியே வந்துவிட்டார். பூனையைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டார். கிட்டே போகவில்லை.

"காலையில பச்சைதானுங்களே சார் வந்துச்சு?"

"வந்துச்சுங்க அம்மிணி." வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "கடைசி ரெண்டு தடவை மட்டும் மஞ்சள் காட்டுச்சு. சூடு ஏறியிருக்கும், இத்தனை தடவை உள்ள விட்டமல்லன்னு, பதியறதுக்குள்ள வெளிய எடுத்து ஐஸ் துணில தொடைச்சு மறுக்கா வெச்சேன். பச்சை ஆயிருச்சு."

"மஞ்சள் காட்டுச்சா? அதை எங்கிட்டச் சொல்ல வேண்டாமுங்களா? புள்ள அதைக் கட்டிப் புடிச்சுட்டுத் தூங்குனாளே சார்!"

"ஒரு ராத்திரி பொறுங்க. போன் மட்டும் போட்டராதீங்க. வந்தாங்கன்னா ரத்தம் எடுப்பாங்க, மத்த பத்துப் பூனையும் எங்கேன்னு கேப்பாங்க. இது எத்தனை வருசமா நடக்குதுன்னு தோண்டுவாங்க. எல்லார் வீடும் போயிரும். நானு பென்சன்ல கடன் கட்டிட்டிருக்கறவன்."

"பத்துப் பூனையும் நல்லாத்தானே இருக்குது? வந்தா பார்த்துட்டுப் போகட்டும். உங்க பட்டு நல்லாத்தானே இருக்குது?"

அவர் ஜமீனையே பார்த்தார். நிரஞ்சனா விடவில்லை. "பட்டுவைக் கொண்டு வந்து காட்டுங்க சார்" என்றாள். "இப்பவே காட்டுங்க."

"பட்டு இல்லீங்க."

"இல்லீங்கன்னா?"

"வெள்ளிக்கெழமை செத்துப்போச்சு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மொட்டை மாடித் தொட்டில பொதைச்சோம். வயசாயிருச்சு, அதான்னு நெனைச்சோம். மீசை... அத நாங்க பார்க்கல. பார்க்கலைன்னு இல்லீங்க. பார்த்தோம். வீட்டுக்காரி அழுதுட்டே இருந்தா. அதான் நேத்து உங்க ஜமீனைச் செத்த நேரம் கேட்டு வாங்கிட்டுப் போனேன், மடில வெச்சுட்டிருக்கட்டும்னு."

செத்துப்போன பூனைக்கு இன்று காலையில் பச்சை விளக்கு எரிந்திருக்கிறது. சொந்தக்காரர் கையாலேயே பட்டையை மாட்டி வாங்கியிருக்கிறார். நிரஞ்சனாவுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்துவதற்குள் அவருடைய கண்களைப் பார்த்துவிட்டாள். வெண்விழி முழுவதும் சிவந்திருந்தது.

"உங்களுக்கும் காய்ச்சல் அடிக்குதா சார்?"

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. அவளுக்குத்தான் நேத்து ராத்திரியில இருந்து" என்றார். பிறகு, "ஒரு ராத்திரி, அம்மிணி" என்று மறுபடி சொல்லிக் கும்பிட்டார்.

நிரஞ்சனா அவரை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அவசர எண்ணை அழுத்தினாள்.

முதலில் இயந்திரக் குரல் பேசியது. உங்கள் வளாகம் நற்சான்று பெற்றது, வாழ்த்துகள் என்றது. அவள் "அவசரம், அவசரம்" என்று திரும்பத் திரும்பச் சொன்ன பிறகுதான் ஒரு பெண் வந்தாள். இளம் குரல்.

"சொல்லுங்க மேடம்."

"எம் பூனைக்கு மீசை கொட்டுது. பொண்ணுக்குக் காய்ச்சல். வண்டி அனுப்புங்க, ஊசி அனுப்புங்க."

"ஒரு நிமிசம் மேடம். உங்க பூனைக்கு இன்னைக்குக் காலையிலதான் பச்சை பதிஞ்சிருக்குது. உங்க வளாகத்துல மூணு வருசமா ஒரு மஞ்சள்கூட இல்லீங்களே."

"அது இருக்கட்டும். நீங்க வண்டிய அனுப்புங்க."

"மேற்கு மண்டலத்துல இப்ப வண்டியே இல்லீங்க மேடம். எல்லா இடமும் பச்சையாவே வந்துட்டிருந்துச்சா, தேவையில்லைன்னு எடுத்துட்டாங்க. பிராணி ஆஸ்பத்திரியையும் போன வருசமே மூடியாச்சு. சேலத்துல ஒரு வண்டி நிக்குது. அதுவும், காலையில பச்சை வாங்குன பூனைக்கு அனுப்பறதுக்கு எனக்கு அனுமதி இல்லீங்க. பச்சை எப்படித் தப்பாச்சுன்னு காரணம் போட்டாத்தான் ஆகும்."

நிரஞ்சனா கட்டிலைப் பார்த்தாள். இதழி முழங்காலை மடக்கிச் சுருண்டிருந்தாள். ஒரு கை இன்னும் பூனையின் முதுகில் இருந்தது. அதை விலக்க வேண்டும் என்றுகூட இவ்வளவு நேரம் தோன்றவில்லையே என்று பதறிப்போய், ஓடிவந்து பூனையைத் துண்டில் சுருட்டித் தரையில் வைத்தாள். வீடு போனால் போகட்டும் என்று அப்போதுதான் மனசு சொன்னது.

"காரணம் சொல்றேன், எழுதிக்குங்க. எங்க கட்டடத்துல சோதிச்சது ஒரே பூனையத்தான். எல்லா வீட்டுப் பட்டையையும் எம் பூனைக்கு மாட்டிப் பச்சை வாங்கினோம். பதினோரு வீடு. அதுல ஒரு பூனை செத்தே போயிருச்சு. அதுக்கும் இன்னைக்குப் பச்சை வாங்கியிருக்காங்க."

மறுமுனையில் விசைகளைத் தட்டும் சத்தம் நின்றுவிட்டது.

"மேடம்? கேக்குதுங்களா?" என்றாள் நிரஞ்சனா.

"கேக்குது." குரல் தணிந்திருந்தது. வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசுவது போலக் கேட்டது. "உங்க கட்டடத்துலயுமாங்க அக்கா?"

நிரஞ்சனாவுக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்தபோது உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க கட்டடத்துல ஒரு வெள்ளைப் பூனைங்க" என்றாள் அந்தப் பெண். "பதினெட்டு வீட்டுக்கும் அதுதான். எங்க அத்தை வீட்டுப் பக்கமும் அப்படித்தான் பண்றாங்களாம். நான் இங்க சேர்ந்ததுல இருந்து சிவப்புன்னு ஒரு போன்கூட வந்ததில்லீங்க. நோவு வந்த பூனை எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. அக்கா, மீசை எல்லாம் ஒட்டுக்காக் கொட்டுமுங்களா, இல்ல ஒண்ணொண்ணாவா?"

"மொதல்ல ஒண்ணுதான் விழும்" என்றாள் நிரஞ்சனா. "சும்மா விழுந்ததுன்னு நாமளே சொல்லிக்குவோம்."

"எம் பையன் நேத்து அந்த மாதிரி மீசை முடியக் கொண்டாந்து காட்டுனான். சீப்பு மாதிரி இருக்குதுன்னு நாலஞ்சை ஒட்டவெச்சு வெளையாடிட்டிருந்தான்." குரல் உடைந்தது. "சேலத்துல ஒரே ஒரு வண்டிதானுங்க அக்கா இருக்குது. ஒரு ஆளுக்குத்தான் அனுப்ப முடியும்."

"எங்களுக்குப் பதிஞ்சிட்டீங்கதானே? இதழின்னு பேரு, ஆறு வயசு. பதிஞ்சிட்டீங்களா? சொல்லுங்கம்மா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், சொல்லுங்க."

அந்தப் பக்கம் நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது. யாரோ ஓடினார்கள். இணைப்பு துண்டிக்கப்படவில்லை. நிரஞ்சனா கைத்திரையைக் காதோடு அழுத்திக்கொண்டு "மேடம், மேடம்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஆளில்லாத அந்த மேசையில் இன்னொரு அழைப்பு அடிக்கத் தொடங்கியது. பிறகு அதற்குப் பக்கத்து மேசையிலும்.