முகம் தெரியாதவனுக்கு ஒரு தட்டு

பனிக்குவியலுக்குள்ளிருந்து ஒரு கை நீட்டிக்கொண்டிருந்தது!

பனி தள்ளும் வண்டியின் பக்கக் கண்ணாடியில் அதைப் பார்த்த வாலென்டி, பிரேக்கை ஏறி மிதித்தான்.

பச்சைக் கம்பளிக் கையுறை. உள்ளே விரல்கள். அந்த விரல்கள்... அசைந்தன!

"ஐயோ... மாதாவே!"

கீழே குதித்தான். இடுப்பு வரைக்கும் பனி. வெறும் கையாலேயே தோண்டினான். முதலில் தோள் வந்தது. அப்புறம் மீசை. அப்புறம் முழு ஆளும் வந்தான்.

லுட்விக்!

இந்த மலைக் கிராமத்தில் வாலென்டியை அதிகமாகத் திட்டுகிற ஆள். வண்டி ரோட்டைச் சுத்தம் செய்யும்போது ஒதுக்குகிற பனியெல்லாம் லுட்விக் வீட்டு கேட்டை அடைத்துக்கொள்ளும். அவன் அப்போதுதான் முதுகு ஒடிய வாரிப்போட்டு முடித்திருப்பான். மண்வாரியைத் தூக்கிக்கொண்டு வண்டியைத் துரத்துவான். போலந்துக்காரன் பனியைக்கூட மன்னிப்பான். பனி தள்ளுகிறவனை மன்னிக்கவே மாட்டான்.

கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் பனி அழகுதான். வாசலில் விழுந்தால் அது சனியன்!

அந்த லுட்விக்கைத்தான் வாலென்டி தோளில் போட்டுக்கொண்டு போலீஸ் போஸ்ட்டுக்கு வண்டியை விரட்டினான்.

அதற்குக் கிடைத்த பரிசு?

லாக்கப்!

* * *

"இவன்தான்! இவனேதான் என்னை அடிச்சான்!"

கண்ணைத் திறந்ததும் லுட்விக் கத்திய முதல் வார்த்தை அதுதான். தலையில் கட்டு. உடம்பில் மூன்று போர்வை. கையில் சூடாக டீ. அப்படியும் வாய் ஓயவில்லை.

சார்ஜென்ட் செலினா அவனை வெறுப்போடு பார்த்தாள். ஊருக்கு இருக்கிற ஒரே போலீஸ் அவள்தான். தண்ணீர்க் குழாய் உறைந்துபோய்த் தலைக்குக் குளித்து நாளாகியிருந்தது. எரிச்சலுக்குக் கேட்கவா வேண்டும்?

"அடிச்சதைக் கண்ணால பாத்தியா?"

"பின்மண்டையில எனக்கென்ன கண்ணா இருக்கு? விடிகாலையில கேட்டு முன்னாடி பனி வாரிட்டு இருந்தேன். தூரத்துல வண்டிச் சத்தம். மண்டையில இடி விழுந்த மாதிரி இருந்துச்சு. அவ்வளவுதான் தெரியும். இவனைத் தவிர எனக்கு வேற எதிரி யாரு?"

லாக்கப்பிலிருந்து வாலென்டி கத்தினான்.

"அடிச்சவன் எதுக்குடா தோண்டி எடுக்கணும்?"

"போதையில அடிச்சே! தெளிஞ்சதும் பயந்துட்டே! வாயெல்லாம் வோட்கா நாத்தம்!"

"இந்தக் குளிர்ல குடிக்காதவன் யாருடா? மேடம்கூட காபியில கொஞ்சம்..."

"வாலென்டி! வாயை மூடு!"

வயர்லெஸ் கரகரத்தது. டவுனிலிருந்து மேலதிகாரி.

"கொலை முயற்சின்னு எழுது. ரோடு திறந்ததும் அந்த டிரைவரை டவுன் ஜெயிலுக்கு அனுப்பு."

"சார், தலைக் காயத்தைப் பாத்தா எனக்கு..."

"கிறிஸ்துமஸ் அதுவுமா என் உயிரை எடுக்காதேம்மா!"

கட்.

வாலென்டியின் முகம் வெளுத்துவிட்டது.

"மேடம்... எத்தனை வருஷம் போடுவாங்க?"

"பத்துக்குக் குறையாது."

"ஈஸ்டர் முடிஞ்சதும் என் பொண்ணுக்குக் கல்யாணம் மேடம்! அப்பன் ஜெயில்ல இருக்கான்னா அந்தப் பையன் வீட்ல ஒத்துக்குவாங்களா? ஒரு உயிரைக் காப்பாத்தினேன். அது தப்பா?"

செலினா லுட்விக்கின் கட்டை விலக்கி மறுபடி பார்த்தாள். பின்மண்டையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வீக்கம். வண்டியின் இரும்புப் பலகை பட்டிருந்தால் இவன் தலையே இருந்திருக்காது. இது கையில் எதையோ பிடித்து அடித்த அடி. பக்கத்தில் நின்று அடித்த அடி.

பக்கத்தில் யார் இருந்தார்கள்?

"லுட்விக், உன் வீட்ல யாரெல்லாம்?"

"என் பொண்டாட்டி யாத்விகா. தங்கம் மேடம்! அப்புறம் என் தம்பி காஸ்பர். வேலை போய்டுச்சுன்னு வந்து தங்கியிருக்கான். அவனும் தங்கம்."

"வீடு முழுக்கத் தங்கம். ஆனா மத்தியானம் ஆயிடுச்சு, ஆளைக் காணோம்னு ஒருத்தரும் தேடி வரலையே?"

"இந்தப் பனியில எப்படி வருவாங்க? போனும் செத்துப் போச்சு. பாவம், ஜன்னல்ல நின்னு அழுதுட்டு இருப்பா."

"சரி, கிளம்பு. அழுகையை நிறுத்தலாம். ஆனா நான் கூப்பிடற வரைக்கும் விறகுக் கொட்டகையிலேயே நிக்கணும். மூச்சு விடக்கூடாது."

லுட்விக்கின் மீசை மலர்ந்தது.

"சர்ப்ரைஸா மேடம்?"

"ஆமா. ரொம்பப் பெரிய சர்ப்ரைஸ்."

இரண்டு வயர்லெஸ் கருவிகளில் ஒன்றை வாலென்டியின் கையில் கொடுத்தாள்.

"வழியில நான் பனியில மாட்டிக்கிட்டா உன்கிட்டதான் சொல்லணும். வேற நாதி இல்லை."

கைதிக்கு வயர்லெஸ்! எங்கள் ஊர் போலீஸ் லட்சணம் அப்படி.

* * *

லுட்விக் வீட்டின் ஜன்னல்கள் பாதிவரை பனிக்குள் புதைந்திருந்தன. கேட்டிலிருந்து வாசலுக்கு ஆள் உயரச் சுவர்களுக்கு நடுவே ஒரு சந்து. அதில் ஒருக்களித்துத்தான் நடக்க முடிந்தது.

செலினா கதவைத் தட்டினாள். உள்ளே நுழைந்ததும் நாற்றம் முகத்தில் அறைந்தது. பொரித்த கெண்டை மீன், புளித்த முட்டைக்கோஸ், ஈரக் கம்பளி. கெண்டையை உயிரோடு வாங்கிக் குளியல் தொட்டியில் விட்டுவிடுவது வழக்கம். கிறிஸ்துமஸ் வாரத்தில் எங்கள் ஊரில் குளிப்பது மீன் மட்டும்தான்.

"வாங்க மேடம், வாங்க!" யாத்விகா ஓடி வந்தாள். முகத்தில் புதிதாக பவுடர். கண்ணில் சொட்டு ஈரம் இல்லை.

"கூரை தாங்குதா, விறகு இருக்கான்னு வீடு வீடா பாக்கறேன்."

"தங்கமான மனசு உங்களுக்கு!"

இந்த வீட்டில் தங்கத்துக்குப் பஞ்சமே இல்லை!

அடுப்போரம் லுட்விக்கின் சாய்வு நாற்காலியில் கொழுகொழுவென்று ஒருவன் சாய்ந்திருந்தான். காஸ்பர். காலில் அண்ணனின் ஆட்டுத்தோல் செருப்பு. கையில் காலிக் கிண்ணம். மீசை முழுக்க சூப்.

"முதல் நட்சத்திரம் வர்ற வரைக்கும் விரதமாச்சே, அதுக்குள்ள சாப்பாடா?" என்றாள் செலினா.

"இந்த மேகத்துல நட்சத்திரம் எங்க மேடம் வரும்? லேசா காளான் சூப் மட்டும்..." அவன் மீசையை நாக்காலேயே துடைத்துக்கொண்டான்.

செலினா பார்வையை மேஜைப் பக்கம் திருப்பினாள்.

அதில் வெள்ளை விரிப்பு. அடியில், ஏசு பிறந்த தொழுவத்தின் நினைவாக, வைக்கோல். மேலே மூன்று தட்டுகள்.

"நல்ல நேரத்துல வந்தீங்க. இந்தத் தட்டு முன்னாடி உக்காருங்க மேடம்" என்றாள் யாத்விகா.

செலினா உட்கார்ந்தாள்.

"லுட்விக் எங்க?"

"விடிகாலையில மாதா கோயிலுக்குப் போனாரு, கிறிஸ்துமஸ் அப்பம் வாங்க. பனியில மாட்டிக்கிட்டாரு போல. எப்படியும் சாப்பாட்டுக்கு வந்துடுவாரு." யாத்விகா மேலங்கி நுனியால் கண்ணைத் துடைத்தாள். துணி நனையவில்லை.

"அவருக்காகத்தான் காத்துட்டு இருக்கீங்க?"

"பின்ன? அவரு இல்லாம எங்களுக்கு என்ன கிறிஸ்துமஸ்? இல்லையா தம்பி?"

"ஆமா அண்ணி. அண்ணன் இல்லாம தொண்டையில எறங்குமா?"

காலிக் கிண்ணத்தைப் பார்த்தாள் செலினா. நன்றாகத்தான் இறங்கியிருந்தது.

"அந்தத் தட்டு யாருக்கு?"

"எனக்கு மேடம்."

"இந்தப் பக்கம்?"

"தம்பிக்கு."

"நான் உக்காந்திருக்கறது?"

யாத்விகா சிரித்தாள். "என்ன மேடம் புதுசா கேக்கறீங்க? வழிப்போக்கருக்கு! யாருன்னே தெரியாத ஒருத்தர் கதவைத் தட்டினா, பட்டினியா அனுப்பக் கூடாதுன்னு எல்லா வீட்லயும் வெக்கறதுதானே?"

"வெக்கறதுதான். எங்கம்மாவும் வெப்பாங்க." செலினா தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "அப்ப... லுட்விக்கோட தட்டு எங்க?"



கூரையில் பனியின் பாரம் தாங்காமல் உத்திரம் ஒருமுறை முனகியது.

"அது... அவசரத்துல மறந்து..."

"புருஷன் வருவான்னு சொல்றே. காத்துட்டு இருக்கேன்னு சொல்றே. முகம் தெரியாதவனுக்குக்கூடத் தட்டு இருக்கு. கட்டினவனுக்கு இல்லை! வாய் பொய் சொல்லிடுச்சு. ஆனா தட்டை வாயா போட்டுச்சு? கைதானே போட்டுச்சு! அவன் வரவே மாட்டான்னு அந்தக் கைக்குத் தெரியும்!"

"இ... இதோ மேடம்!" காஸ்பர் துள்ளி எழுந்தான். அலமாரியிலிருந்து ஒரு தட்டை உருவினான். மேஜையில் வைத்தான். "இதோ வெச்சாச்சு அண்ணன் தட்டு!"

"தட்டு வெச்சா ஆள் வேணாமா?" செலினா குரலை உயர்த்தினாள். "லுட்விக்! உள்ள வாய்யா!"

கதவு திறந்தது.

தலையில் கட்டு... மீசையில் பனி... லுட்விக்!

யாத்விகா வீலென்று அலறினாள். காஸ்பர் அப்படியே மண்டியிட்டான்.

"அண்ணே! நான் இல்லை அண்ணே! அண்ணிதான்! வண்டி வருது, இப்பவே அடிச்சுப் பனியில தள்ளு, பழி வாலென்டி மேல போயிடும்னு மண்வாரியைக் கையில குடுத்ததே அண்ணிதான்!"

"அடிச்சது யாரு?" யாத்விகா சீறினாள். "ராத்திரியெல்லாம் என்கிட்ட வீரம் பேசினே. ஒழுங்கா ஒரு அடி அடிக்கத் துப்பில்லை! தூ!"

"உன்னை நம்பினேன் பாரு!"

"உன்னை நம்பினேன் பாரு நான்!"

செலினா எத்தனையோ குற்றவாளிகளைப் பார்த்திருக்கிறாள். இப்படி ஒரு அசிங்கத்தைப் பார்த்ததில்லை. இவர்கள் போட்ட வெள்ளை விரிப்பில் உட்கார்ந்ததற்கே உடம்பெல்லாம் கூசியது.

லுட்விக் மனைவியைப் பார்க்கவில்லை. தம்பியின் முகத்தையும் பார்க்கவில்லை. அவன் காலைத்தான் பார்த்தான்.

"என் செருப்புடா அது."

"அண்ணே..."

"கழட்டு."

காஸ்பர் கழற்றினான். லுட்விக் அதை எடுத்தான், திருப்பிப் பார்த்தான், அப்படியே அடுப்புக்குள் எறிந்தான். அவன் கண்ணிலிருந்து கண்ணீர் வழிந்து மீசைப் பனியோடு கலந்தது.

செலினா விலங்கை எடுத்தாள்.

"மேடம்! மேடம்! நான் அப்ரூவர் ஆயிடறேன்!" காஸ்பர் அவள் காலைப் பிடிக்கப் போனான். "கோர்ட்ல வந்து எல்லாத்தையும் சொல்றேன்! இவளைத் தூக்கி உள்ள போடுங்க!"

யாத்விகா சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு செலினாவுக்குப் பிடிக்கவில்லை.

"சொல்லுடா தம்பி. தாராளமா சொல்லு." யாத்விகா தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். "கோர்ட் வரைக்கும் இருந்தா."

"எ... என்ன?"

"சூப் எப்படி இருந்துச்சு?"

காஸ்பரின் நாக்கு மீசை நுனியில் அப்படியே நின்றுவிட்டது.

"உனக்குன்னு தனியா சின்னச் சட்டியில வெச்சேனே... நல்ல காட்டுக் காளான். இலை உதிர்ற காலத்துலயே பறிச்சுக் காயப்போட்டது. உங்க அண்ணனுக்குன்னுதான் எடுத்து வெச்சிருந்தேன். நீ மண்வாரியிலேயே முடிச்சுட்டதா நெனச்சேன். காளான் வீணாப் போகக்கூடாதேன்னு உனக்குப் போட்டுட்டேன்."

"அடிப்பாவி! நான் உனக்கு என்னடி பண்ணேன்?"

"கூடப் பொறந்தவனையே பின்னாடி நின்னு அடிச்சவன் நீ. நாளைக்கு நான் உனக்கு முதுகைக் காட்டிட்டுத் தூங்க முடியுமா?"

காஸ்பர் ஓவென்று அழுதுகொண்டே தொண்டைக்குள் விரலை விட்டான். லுட்விக் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தான்.

செலினா இருவருக்கும் விலங்கை மாட்டினாள். அந்தச் சின்னச் சட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாள். காஸ்பர் செத்தால் ஊருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் வாலென்டி நிரபராதி என்று கோர்ட்டில் சொல்ல, மண்வாரியைப் பிடித்த இந்தக் கொழுத்த கை உயிரோடு இருந்தாக வேண்டும். ஆஸ்பத்திரி இருப்பதோ டவுனில். டவுனுக்குப் போகிற ரோடு மார்பளவு பனிக்கு அடியில்.

வயர்லெஸ்ஸை அழுத்தினாள்.

"வாலென்டி! கேக்குதா? வண்டியை எடுத்துட்டு உடனே லுட்விக் வீட்டுக்கு வா! டவுனுக்கு ரோடு வெட்டணும்!"

"யாருக்கு என்ன மேடம்?"

"காஸ்பர் விஷக் காளானைத் தின்னுட்டான். லுட்விக்கை அடிச்சதும் அவன்தான். ஒத்துக்கிட்டான். அவன் பொழைச்சு வந்து சாட்சி சொன்னாதான் உன் பொண்ணு கல்யாணத்துல நீ நிக்க முடியும். சீக்கிரம் வா!"

"லாக்கப் பூட்டியிருக்கே மேடம்?"

"பூட்டு உறைஞ்சு போய் நாளாச்சுய்யா. சும்மா சாத்திதான் வெச்சேன். தள்ளு, திறக்கும்!"

கிரீச்.

வயர்லெஸ்ஸில் காலடிச் சத்தம். வண்டிக் கதவு அறையும் சத்தம். இருமி இருமி என்ஜின் உயிர் பிடிக்கும் சத்தம்.

அப்புறம் வாலென்டியின் குரல் வந்தது.

"வந்துட்டே இருக்கேன் மேடம்... ஆனா ஒரே ஒரு சந்தேகம். காலையில ஒரு உயிரைக் காப்பாத்தினேன், லாக்கப்ல போட்டீங்க. இப்ப இன்னொண்ணையும் காப்பாத்தினா... தூக்கா?"